வாயேஜர் விண்கலங்களை இன்னும் எப்படி ஓட்டுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாசாவின் வாயேஜர் விண்கலங்கள் பற்றிய செய்தி ஒன்று வந்தால் போதும், பழைய கேள்விகளே மறுபடியும் கிளம்பும். அவற்றுக்கான பதில்களை இங்கே ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். வியாழன், சனிக் கோள்களின் படங்களைப் பற்றி எழுத ஏராளமானோர் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் பழுதையும் பராமரிப்பையும் பற்றியது. தகவல்கள் 2025 வரையிலானவை.

இரண்டு வாயேஜர்களும் உண்மையில் இன்னும் வேலை செய்கின்றனவா?

செய்கின்றன. வாயேஜர் 2 முதலில், 1977 ஆகஸ்ட் 20 அன்று ஏவப்பட்டது. வாயேஜர் 1 செப்டம்பர் 5 அன்றுதான் கிளம்பியது. ஆனால் அது வேகமான பாதையில் சென்று வியாழனை முந்தி அடைந்ததால் அதற்கு 1 என்ற எண் கிடைத்தது. வியாழனையும் சனியையும் பார்த்துவிட்டு வருவதற்காக, ஐந்தாண்டு ஆயுள் என்று கணக்கிட்டுக் கட்டிய கலங்கள் இவை. வாயேஜர் 2 யுரேனஸையும் நெப்டியூனையும் கூடக் கடந்தது. சூரியக் காற்றின் எல்லையை வாயேஜர் 1 2012 ஆகஸ்டிலும், வாயேஜர் 2 2018 நவம்பரிலும் தாண்டின. இப்போது முதல் கலம் சுமார் 2,500 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் இரண்டாவது சுமார் 2,100 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கின்றன. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியை நேரடியாக அளந்து சொல்ல மனிதர்களிடம் இருப்பவை இந்த இரண்டு மட்டுமே. ஐம்பதாண்டுப் பழைய இயந்திரங்களோடு இவ்வளவு பேர் மல்லுக்கட்டுவதற்கு அதுதான் காரணம். வெறும் பாசமாக இருந்திருந்தால் நிதி எப்போதோ நின்றிருக்கும்.

கார் சாவியில் இருப்பதைவிடக் குறைந்த நினைவகம்தான் அதில் இருக்கிறது என்கிறார்களே?

அந்த ஒப்பீடு ஏறக்குறைய சரி. ஒவ்வொரு கலத்திலும் மூன்று கணினி அமைப்புகள் உள்ளன. ஒன்று கட்டளைகளைப் பெற்று நிறைவேற்றுகிறது. இன்னொன்று கலம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் கவனிக்கிறது. மூன்றாவது, கருவிகளின் அளவீடுகளைத் திரட்டிப் பூமிக்கு அனுப்பும் வடிவத்தில் கட்டித் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுக் கணினி உண்டு. இவை அனைத்தின் நினைவகத்தையும் கூட்டினாலும் 70 கிலோபைட் அளவில்தான் வரும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படத்தை அதில் வைக்க முடியாது.

ஆனால் அந்த ஒப்பீட்டைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சின்ன நினைவகத்தில் இருப்பதைப் பூமியிலிருந்தே அழித்துப் புதிதாக எழுதலாம். யுரேனஸை நெருங்கும் முன் வாயேஜர் 2இன் தரவுக் கணினிக்குப் புதிய நிரல் அனுப்பி, சும்மா இருந்த மாற்றுக் கணினியைப் படங்களைச் சுருக்கும் வேலைக்கு வைத்தார்கள். 1977இல் கிளம்பியபோது இல்லாத திறமை அது. இத்தனை காலம் கலம் உயிரோடு இருப்பதற்கு நினைவகத்தின் அளவைவிட இந்த நெகிழ்வுத்தன்மைதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இன்னும் எத்தனை நாள் வரும்?

சூரியத் தகடு அங்கே பயன்படாது. ஒவ்வொரு கலத்திலும் மூன்று கதிரியக்க மின்னாக்கிகள் உள்ளன. புளூட்டோனியம்-238 சிதையும்போது வெளிவரும் வெப்பத்தை மின்சாரமாக மாற்றுகின்றன. கிளம்பும்போது சுமார் 470 வாட் கிடைத்தது. இப்போது அதில் பாதிகூட இல்லை. ஆண்டுக்குச் சுமார் 4 வாட் குறைந்துகொண்டே வருகிறது.

புளூட்டோனியம்-238இன் அரை ஆயுள் 87.7 ஆண்டுகள் என்னும்போது, மின்சாரம் ஏன் இவ்வளவு சீக்கிரம் பாதியானது என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. வெப்பம் இன்னும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறது. வெப்பத்தை மின்சாரமாக்கும் இணைப்புகளும் சேர்ந்து தேய்வதால்தான் இந்த வீழ்ச்சி.

எதை அணைப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

இன்றைய வாயேஜர் பணியின் பெரும்பகுதி இதுதான். முதலில் போனவை அறிவியலுக்கு இனித் தேவைப்படாதவை. வாயேஜர் 1இன் கேமராக்கள் 1990 பிப்ரவரியில், சூரியக் குடும்பத்தைத் திரும்பிப் பார்த்துப் படம் எடுத்த கையோடு அணைக்கப்பட்டன. பிறகு ஹீட்டர்கள் ஒவ்வொன்றாக.

ஹீட்டரை அணைத்தால் கருவி செத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. பல கருவிகள் அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கின. வாயேஜர் 2இன் காஸ்மிக் கதிர்க் கருவியின் ஹீட்டரை 2019இல் நிறுத்தியபோது அதன் வெப்பநிலை மைனஸ் 59 டிகிரி செல்சியஸுக்குச் சரிந்தது. ஏவுவதற்கு முன் அதை மைனஸ் 45 வரைதான் சோதித்திருந்தார்கள். கருவி தொடர்ந்து அளவீடுகளை அனுப்பியது.

2023இல் இன்னும் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். மின்னழுத்தம் திடீரென்று ஏறி இறங்கினால் சமாளிப்பதற்காக ஒதுக்கிவைத்திருந்த சிறு மின்சாரத்தை வாயேஜர் 2இன் கருவிகளுக்குத் திருப்பிவிட்டார்கள். பாதுகாப்பு குறைந்தது, ஒரு கருவியை அணைக்க வேண்டிய நாள் தள்ளிப்போனது. ஆனாலும் கணக்கு விடாது. 2024 செப்டம்பரில் வாயேஜர் 2இன் பிளாஸ்மா கருவி, 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1இன் காஸ்மிக் கதிர்க் கருவி, அடுத்த மாதமே வாயேஜர் 2இன் குறைந்த ஆற்றல் துகள் கருவி என்று வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு கருவியை அணைப்பதற்கு அந்தக் கருவியோடு முப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்த விஞ்ஞானியின் ஒப்புதலும் வேண்டியிருக்கிறது. வாட் கணக்கைவிட அது கடினமான பேச்சுவார்த்தை என்று ஊகிக்கலாம்.

கேமராவை ஒரே ஒருமுறை இயக்கி, ஒரு படம் எடுக்கச் சொல்ல முடியாதா?

முடியாது. கேமராவுக்கான நிரலை வேறு வேலைக்கு இடம் வேண்டுமென்று கலத்திலிருந்தே அழித்துவிட்டார்கள். அந்தத் தரவைப் படிக்கும் பூமிக் கணினிகளும் இப்போது இல்லை. அப்படியே எடுத்தாலும் அங்கிருந்து தெரிவது கறுப்பு வானமும் சில புள்ளிகளும்தான்.

ஒரு கட்டளை அனுப்பிப் பதில் பெற எவ்வளவு நேரம்?

வாயேஜர் 1க்கு ஒரு வழிக்கே 23 மணி நேரத்துக்கு மேல். 2026 நவம்பர் வாக்கில் அது சரியாக ஒரு ஒளிநாள் தொலைவைத் தொடும். கட்டளைகள் வினாடிக்கு 16 பிட் வேகத்தில் போகின்றன. அறிவியல் தரவு வழக்கமாக வினாடிக்கு 160 பிட் வேகத்தில் வருகிறது. கலத்தின் ஒலிபரப்பியின் திறன் இருபது வாட்டைச் சற்று மிஞ்சும். அது பூமியில் உள்ள 70 மீட்டர் ஆன்டெனாவை வந்தடையும்போது ஒரு வாட்டின் கோடி கோடியில் ஒரு பங்குக்கும் வெகு கீழே இருக்கிறது.

அத்தகைய பெரிய ஆன்டெனாக்கள் மூன்று இடங்களில் உள்ளன: கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெர்ரா. வாயேஜர் 2 நெப்டியூனைத் தாண்டியபின் தெற்கு நோக்கித் திரும்பிவிட்டது. அதனால் அதற்குக் கட்டளை அனுப்ப கான்பெர்ராவை விட்டால் வழியில்லை. அந்த ஆன்டெனாவைப் புதுப்பிக்க 2020 மார்ச் முதல் 2021 பிப்ரவரி வரை நிறுத்தியபோது, கலத்திடமிருந்து கேட்க முடிந்ததே தவிர அதனிடம் பேச முடியவில்லை. ஆக, பழைய விண்கலத்தைப் பராமரிப்பது என்றால் பூமியில் இருக்கும் பழைய ஆன்டெனாவையும் சேர்த்துத்தான் பராமரிக்க வேண்டும். செய்திகளில் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

வாயேஜர் 2க்குக் காது கேட்காது என்று படித்தேன். உண்மையா?

பாதிச் செவிடு என்று சொல்லலாம். கிளம்பி ஓராண்டுகூட ஆகாத 1978 ஏப்ரலில் இது நடந்தது. ஒரு வாரம் பூமியிலிருந்து கட்டளை எதுவும் வராவிட்டால், தன் வானொலி ஏற்பி பழுதாகிவிட்டது என்று கருதி மாற்று ஏற்பிக்கு மாறிக்கொள்ளும்படி கலத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வேறு வேலையில் மூழ்கியிருந்தவர்கள் அந்த வாரம் எதுவும் அனுப்பவில்லை. கலம் கடமை தவறாமல் மாறிக்கொண்டது. மாறிய பிறகுதான் மாற்று ஏற்பியில் ஒரு மின்தேக்கி கெட்டிருப்பது தெரிந்தது. வரும் அலைவரிசை சற்று விலகினாலும் துரத்திப் பிடிக்கும் திறன் அதற்கு இல்லை. சரி, முதன்மை ஏற்பிக்கே திரும்பலாம் என்று திரும்பினார்கள். அது அரை மணி நேரம் வேலை செய்துவிட்டு நிரந்தரமாக அணைந்துபோனது. மறுபடி ஒரு வாரம் காத்திருந்து, கலம் தானாகவே அந்தக் குறைபட்ட ஏற்பிக்கு மாறிய பிறகே பேச முடிந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை வாயேஜர் 2 ஒரே ஏற்பியில், அதுவும் மிகக் குறுகிய அலைவரிசைப் பட்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூமியின் சுழற்சி, கலத்தின் வேகம், ஏற்பியின் வெப்பநிலை ஆகியவற்றால் அலைவரிசை எவ்வளவு நகரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்பத் தங்கள் ஒலிபரப்பை நகர்த்தி அனுப்புகிறார்கள். யுரேனஸ், நெப்டியூன் சந்திப்புகள் முழுவதும் இந்த ஏற்பியைக் கொண்டுதான் நடந்தன. அதுவும் போய்விட்டால் கலம் சொந்தமாகத் தொடரட்டும் என்று ஒரு குறைந்தபட்ச வேலைத்திட்டத்தையும் அதன் நினைவகத்தில் ஏற்றி வைத்தார்கள்.

2023இல் வாயேஜர் 1 உளறத் தொடங்கியது என்றார்களே, அது எப்படிச் சரியானது?

2023 நவம்பர் 14 முதல் வாயேஜர் 1 அனுப்பியது ஒன்றும் சுழியும் திரும்பத் திரும்ப வரும் அர்த்தமற்ற வரிசை. சமிக்ஞை வந்தது, கட்டளைகளையும் கலம் ஏற்றது. தரவைக் கட்டித் தரும் கணினியில்தான் கோளாறு என்று தெரிந்தது. அதற்கான மாற்றுக் கணினி வெகுகாலத்துக்கு முன்பே பழுதாகிவிட்டது. கணினியை நிறுத்தித் திரும்ப இயக்கிப் பார்த்ததும் பலிக்கவில்லை.

மாதங்கள் ஓடின. 2024 மார்ச் முதல் தேதி ஒரு புது உத்தியைக் கையாண்டார்கள். நிரலில் கெட்டுப்போயிருக்கக்கூடிய பகுதிகளைத் தாண்டிச் செல்லும்படி அந்தக் கணினிக்கு ஒரு சிறு கட்டளை கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து வந்த பதில் பழைய உளறலாகவும் இல்லை, முறையான தரவாகவும் இல்லை. வாயேஜர் குழுவினரால் அதைப் படிக்க முடியவில்லை. ஆன்டெனா வலையமைப்பில் பணியாற்றும் ஒரு பொறியாளர்தான் அதைப் பிரித்துப் பார்த்து, உள்ளே அந்தக் கணினியின் நினைவகம் முழுவதும் அப்படியே இருப்பதைக் கண்டார். பழுதுக்கு முன் வந்த பதிவோடு ஒப்பிட்டதும் குற்றவாளி அகப்பட்டது: நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் சிதைந்திருந்தது. ஒரே ஒரு சிப் செயலிழந்ததன் விளைவு அது. ஆற்றல் மிக்க துகள் ஏதாவது தாக்கியிருக்கலாம், அல்லது 46 ஆண்டு உழைத்த சிப் தானாகவே ஓய்ந்திருக்கலாம்.

சிப்பை மாற்ற ஆள் அனுப்ப முடியாது. அதிலிருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். முழு நிரலையும் வைக்க ஒரே துண்டாகக் காலியிடம் எங்கும் இல்லை. ஆகவே அதைத் துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த இடுக்குகளில் எல்லாம் செருகி, ஒரு துண்டு மற்றொன்றைத் தேடும் முகவரிகளை எல்லாம் திருத்தி எழுதினார்கள். கலத்தின் நிலையைத் தெரிவிக்கும் பகுதியை மட்டும் முதலில் ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். ஏப்ரல் 20 அன்று, ஐந்து மாதத்துக்குப் பிறகு முதன்முறையாகப் புரியும் தரவு வந்தது. ஜூன் மாதம் நான்கு அறிவியல் கருவிகளும் பழையபடி பேசின.

இதை யாராவது அதிசயம் என்று எழுதும்போது எனக்கு ஒப்பவில்லை. நினைவகத்தின் மொத்த உள்ளடக்கத்தையும் ஒரு குழு வரிவரியாக உட்கார்ந்து படிக்கக்கூடிய அளவுக்கு அது சிறியதாக இருந்தது. அதனால் முடிந்தது.

திரஸ்டர் பிரச்சினை என்றால் என்ன?

கலத்தின் ஆன்டெனா எப்போதும் பூமியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அதற்காக ஹைட்ரசின் எரிபொருளைப் பீய்ச்சும் சிறு உந்துகருவிகளே திரஸ்டர்கள். ஒவ்வொரு கலத்திலும் 16 உண்டு. எரிபொருள் போதிய அளவு இருக்கிறது. தொல்லை அது வரும் குழாயில். எரிபொருள் தொட்டிக்குள் உள்ள ரப்பர்ச் சவ்வு வயதாகி, அதிலிருந்து வரும் சிலிக்கான் டைஆக்சைடு நுண்குழாய்களில் படிகிறது. வாயேஜர் 1இல் ஒரு தொகுதியின் குழாய்த் துளை கால் மில்லிமீட்டரிலிருந்து 0.035 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. தலைமுடியின் பாதித் தடிமன்.

அந்தத் தொகுதியின் கதையே தனி. கோள்களுக்கு அருகே பாதையைத் திருத்துவதற்காக வைத்த திரஸ்டர்கள் அவை. 1980 நவம்பரில் சனியோடு அவற்றின் வேலை முடிந்தது. மற்றவை தேய்ந்துவிட்டதால் 37 ஆண்டு கழித்து, 2017 நவம்பர் 28 அன்று, அவற்றை எழுப்பிப் பார்த்தார்கள். அதற்காகப் இன்று அரிதாகவே பயன்படும் அசெம்பிளர் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலைத் தூசி தட்டிப் படிக்க வேண்டியிருந்தது. அவை இயங்கின. பிறகு அவையும் அடைபடத் தொடங்கியதால் 2024 ஆகஸ்டில் இன்னொரு தொகுதிக்கு மாறினார்கள். மாறுவதற்கு முன் அவற்றைச் சூடாக்க வேண்டும், சூடாக்க மின்சாரம் இல்லை. முக்கிய ஹீட்டர் ஒன்றை ஒரு மணி நேரம் அணைத்து அந்த மின்சாரத்தைக் கடன் வாங்கினார்கள்.

2025இல் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பழுதுபார்ப்பு. வாயேஜர் 1 தன் அச்சில் உருளுவதைக் கட்டுப்படுத்தும் முதன்மைத் திரஸ்டர்கள் 2004லேயே இறந்துவிட்டதாக எழுதி வைத்திருந்தார்கள். அவற்றின் இரண்டு ஹீட்டர்களுக்கு மின்சாரம் போகவில்லை. சரிசெய்ய முடியாது என்று அன்று முடிவாகி மாற்றுத் தொகுதிக்குப் போய்விட்டார்கள். இருபது ஆண்டு கழித்து ஒரு பொறியாளருக்குச் சந்தேகம்: ஹீட்டர் எரிந்துபோகாமல், மின்சுற்றில் ஒரு சுவிட்ச் மட்டும் தவறான பக்கம் சாய்ந்திருந்தால்? சோதித்துப் பார்ப்பதிலும் ஆபத்து இருந்தது. ஹீட்டர் இயங்காத நிலையில் திரஸ்டர் சுட்டால் சிறு வெடிப்பு நிகழலாம். கட்டளை அனுப்பத் தேவையான கான்பெர்ரா ஆன்டெனா அந்த ஆண்டு மே மாதம் மறுபடி பராமரிப்புக்காக நிற்கவிருந்ததால் தள்ளிப்போடவும் முடியவில்லை. மார்ச் 20 அன்று பதில் வந்தது. ஹீட்டர்களின் வெப்பநிலை ஏறிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டாகச் செத்ததாக நினைத்தவை சுவிட்சைத் திருப்பியதும் எழுந்துவிட்டன.

பொறியாளர்கள் தவறு செய்ததே இல்லையா?

ஏன் இல்லை? 2023 ஜூலை 21 அன்று அனுப்பிய ஒரு கட்டளைத் தொகுப்பால் வாயேஜர் 2இன் ஆன்டெனா பூமியிலிருந்து 2 டிகிரி விலகியது. தொடர்பு அறுந்தது. கான்பெர்ராவிலிருந்து முழு வலிமையில் ஒரு கட்டளையை உரக்க அனுப்பி, 37 மணி நேரம் காத்திருந்து, ஆகஸ்ட் 4 அன்று மீட்டார்கள். அது பலிக்காமல் போயிருந்தாலும், அக்டோபர் 15 அன்று கலம் தானே திசையைச் சரிசெய்துகொள்ளும்படி ஏற்கெனவே ஏற்பாடு இருந்தது.

இதனுடன் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1 கலத்தை ஒப்பிட வேண்டும். 1982 நவம்பரில் அதற்குப் போன ஒரு தவறான கட்டளை ஆன்டெனாவின் திசைத் தகவலின் மேல் எழுதிவிட்டது. அதன்பின் அந்தக் கலம் பேசவே இல்லை. தவறு ஒரே வகைதான். ஒன்றில் மனிதர் தவறுவார் என்று முன்பே யோசித்து வைத்த ஏற்பாடு இருந்தது.

அப்படியானால் பழைய தொழில்நுட்பம்தான் உறுதியானது, அப்படித்தானே?

இந்த முடிவுக்கு அவசரப்படாதீர்கள். அதே காலத்தில் கிளம்பிய பெரும்பாலான கலங்கள் எப்போதோ ஓய்ந்துவிட்டன, நாம் எஞ்சியதை மட்டும் பார்க்கிறோம். வாயேஜரைக் காப்பாற்றியவை எல்லாவற்றுக்கும் இருந்த மாற்று, திருத்தி எழுதக்கூடிய நிரல், தேவைக்கு மிஞ்சிய எரிபொருள் ஆகியவை. பழமை அதில் பெரிய தொல்லை. தரவுக் கணினிக்குப் பூமியில் முழு நகல் கிடையாது. ஒரு திருத்தத்தை அனுப்புவதற்கு முன் தாளில்தான் சரிபார்க்க வேண்டும்.

இந்தக் கணினிகளைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

குறைந்துகொண்டே வருகிறார்கள். எட் ஸ்டோன் 1972 முதல் 2022 வரை, ஐம்பது ஆண்டு, திட்ட விஞ்ஞானியாக இருந்தார். 2024 ஜூனில் மறைந்தார். தொடக்கம் முதல் இருந்த நிரலாளர் லாரி சொட்டரெல்லி 2016இல் ஓய்வு பெற்றார். இப்போதைய சிறு குழுவில் கலம் கிளம்பியபின் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டுபவை பல பத்தாண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த தாள்கள். அவற்றை எழுதியவர்கள் இன்று எழும் கேள்விகளைக் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். தாளில் என்ன செய்தோம் என்று இருக்கும், ஏன் செய்தோம் என்பது பெரும்பாலும் இருக்காது. எந்த அலுவலகத்திலும் பழைய கோப்பைத் திறந்தவருக்கு இந்த எரிச்சல் தெரியும்.

வேறு கலங்களுக்கும் இதே நிலைதானா?

ஹப்பிள் தொலைநோக்கி 1990இல் ஏவப்பட்டது. விண்வெளி வீரர்கள் ஐந்துமுறை போய்ப் பழுது பார்த்தார்கள், கடைசியாக 2009இல். 2021இல் அதன் கருவிக் கணினி நின்றபோது, அதைக் கட்டிய காலத்து ஓய்வு பெற்றவர்களை அழைத்து உதவி கேட்டார்கள். 2024 ஜூன் முதல், திசையை உணர்த்தும் சுழற்கருவியான கைரோ ஒன்றை மட்டும் வைத்து ஓடுகிறது.

இமேஜ் என்ற செயற்கைக்கோளின் நிலை இன்னும் வேடிக்கையானது. 2005இல் தொலைந்தது, 2018 ஜனவரியில் ஸ்காட் டில்லி என்ற ஆர்வலர் அதன் சமிக்ஞையைப் பிடித்தார். கலம் பேசத் தயார். ஆனால் அதை இயக்கிய கட்டுப்பாட்டு அறையின் கணினிகளும் இயங்குதளங்களும் பூமியில் மிச்சமில்லை. பழைய மென்பொருளைப் புதிய கணினிக்குப் பொருத்த வேண்டியதாயிற்று.

வாயேஜரின் தங்கத் தட்டில் தமிழ் இருக்கிறதா?

இல்லை. வேற்றுலகினர் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று கலத்தில் வைத்த ஒலித்தட்டு அது. 55 மொழிகளில் வாழ்த்து உண்டு. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, சிங்களம் எல்லாம் இருக்கின்றன. இந்திய இசையில் கேசர்பாய் கேர்க்கர் பாடிய ஒரு பைரவிப் பாடல் இடம்பெற்றிருக்கிறது. தமிழ் இருப்பதாகப் பரவும் செய்தியை நம்ப வேண்டாம்.

இவை எப்போது நிற்கும்?

மின்சாரம் தேய்ந்தபடி இருக்கக் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். குறைந்தது ஒரு கருவியையாவது 2030கள் வரை கொண்டுபோய்விட வேண்டும் என்பது குழுவின் நோக்கம். அதற்கு முன் ஒரு குழாய் அடைபட்டாலோ, ஒரு சிப் போனாலோ கணக்கு மாறும்.

அதுவரை பின்தொடர விரும்பினால், ஆன்டெனா வலையமைப்பு இந்த நொடியில் யாருடன் பேசுகிறது என்பதை நாசா இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறது. அதில் வி.ஜி.ஆர். 1, வி.ஜி.ஆர். 2 என்ற குறியீடுகளைத் தேடுங்கள். தரவு வேகமும், சமிக்ஞை போய்வரும் நேரமும் அருகிலேயே இருக்கும். இரண்டாவதைப் பார்க்க வேண்டுமானால் கான்பெர்ராவின் வரிசையில் மட்டும் தேடினால் போதும்.